மூத்தோர் கைக்கு ஏற்ற ஏர் பிஸ்டல்: எடையைக் குறைக்குமுன் அறிய வேண்டியவை

ஓட்டமும் தாவலும் வேண்டாத விளையாட்டுகளுள் துப்பாக்கி சுடுதலும் ஒன்று. ஆகவே அறுபதைக் கடந்த பின்னும் அதைத் தொடரலாம். புதிதாகத் தொடங்கவும் செய்யலாம். 1920ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் வெள்ளிப் பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது 72. ஜார்ஜியாவின் நீனோ சலுக்வாட்ஸே 1988 சியோல் முதல் 2024 பாரிஸ் வரை தொடர்ந்து பத்து ஒலிம்பிக்குகளில் பிஸ்டல் ஏந்தினார். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தைச் சேர்ந்த சந்திரோ தோமர், பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற இடத்தில், அறுபது வயதுக்கு மேல்தான் முதன்முதலாகப் பிஸ்டலைத் தொட்டார். பின்னர் மூத்தோர் போட்டிகளில் பல பதக்கங்களை வென்றார்.

மாட்டுங்காவில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இவ்விளையாட்டு எட்டாத ஒன்றன்று. மகாராஷ்டிர ரைஃபிள் சங்கத்தின் சுடுதளம் அருகிலுள்ள வர்லியிலேயே இருக்கிறது. தேசிய மாணவர் படையில் இளமையில் சுடப் பழகியவர்கள் பணி ஓய்வுக்குப் பின் அப்பழக்கத்தைப் புதுப்பிக்க விரும்புவது இயல்பு. ஆனால் சில மாதங்களில் தோள் வலிக்கிறது, மதிப்பெண் இறங்குகிறது. அப்போது எழும் முதல் எண்ணம், ‘எடை குறைந்த பிஸ்டல் வாங்கினால் சரியாகிவிடும்’ என்பதே. இவ்வெண்ணம் பாதி உண்மை. மீதிப் பாதியை அறியாமல் பணிக்கொடைப் பணத்தில் கை வைப்பது தகாது.

சுமை எங்கே விழுகிறது?

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ஒரு கையால் மட்டுமே சுட வேண்டும். 75 நிமிடங்களில் 60 குண்டுகள். குறி சரியாக அமையாமல் சுடாது கையை இறக்கிய முறைகளையும் பழகு குண்டுகளையும் சேர்த்தால், நூறு முறைக்குக் குறையாமல் கையைத் தூக்க நேரிடும். பன்னாட்டு விதி, பிஸ்டலின் எடைக்கு 1,500 கிராம் என உச்சவரம்பு வைத்துள்ளது. குறைந்த அளவு எதுவும் இல்லை. இன்றைய போட்டி பிஸ்டல்கள் பெரும்பாலும் 900 முதல் 1,100 கிராம் வரை இருக்கும்.

1,100 கிராம் பிஸ்டலை விட்டு 900 கிராம் பிஸ்டலுக்கு மாறினால் தோளுக்கு எவ்வளவு விடுதலை கிடைக்கும்? ஒரு சிறு கணக்குப் போடலாம். நீட்டிய கை ஒரு துலாக்கோல். எடையைத் தோளிலிருந்து உள்ள தொலைவால் பெருக்கினால் சுமை கிடைக்கும். சுமார் 60 கிலோ எடையுள்ளவரின் கை மட்டும் ஏறத்தாழ 3 கிலோ. அவ்வெடை தோளிலிருந்து 30 சென்டிமீட்டரில் செயல்படுவதாகக் கொண்டால் சுமை 90. பிஸ்டல் 70 சென்டிமீட்டரில் இருந்தால் 1.1 கிலோவுக்கு 77, மொத்தம் 167. பிஸ்டல் 900 கிராமானால் அதன் பங்கு 63, மொத்தம் 153. அதாவது பிஸ்டலின் எடை 18 விழுக்காடு குறைந்தும், தோளின் சுமை 8 விழுக்காடுதான் குறைகிறது. நம் கையின் எடையை எந்தக் கடையிலும் குறைத்து வாங்க இயலாது.

இக்கணக்கு வேறொன்றையும் காட்டுகிறது. அதே 1,100 கிராம் பிஸ்டலில் கனம் முன்முனையிலிருந்து 4 சென்டிமீட்டர் பின்னால், கைப்பிடியை நோக்கி நகர்ந்தால், சுமை ஏறத்தாழ நாலரை அலகு குறையும். 200 கிராம் குறைத்ததால் வந்த பயனில் இது மூன்றில் ஒரு பங்கு. எனவே தராசு காட்டும் எடையோடு, அவ்வெடை எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எடை குறைவதால் வரும் இடர்

கனமான பொருள் மெல்ல அசையும். இலேசான பொருள் சட்டென்று அசையும். கையில் இயல்பாக உள்ள நடுக்கத்தைப் பிஸ்டலின் கனம் ஓரளவு அடக்கி வைக்கிறது. கனம் மிகக் குறைந்தால் அந்நடுக்கம் முன்குறியில் துடிப்பாகத் தெரியும்.

விசையின் நிலையும் அவ்வாறே. ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. 1,100 கிராம் பிஸ்டலில் இது அதன் எடையில் 45 விழுக்காடு. 900 கிராம் பிஸ்டலில் 56 விழுக்காடு. விரல் சற்றே பக்கவாட்டில் இழுத்தாலும் இலேசான பிஸ்டல் கூடுதலாகத் திரும்பும். பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர் மட்டுமே என்பதை நினைவில் கொள்க.

குட்டைக் குழல் கொண்ட சிறிய வகைகளிலும் இதே கொடுக்கல் வாங்கல் உண்டு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவதால் அசைவு கண்ணுக்குக் குறைவாகத் தெரியும்; மனம் அமைதி பெறும். ஆனால் குறிகள் சற்று விலகினாலும் இலக்கில் பிழை பெரிதாகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

சந்திரோ தோமர் நீர் நிரம்பிய குடுவையைக் கையில் ஏந்திக் கையை உறுதிப்படுத்தியதாகச் சொல்வர். அம்முறை நமக்கும் உதவும். ஒரு தண்ணீர் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்து, மொத்தம் 900 கிராம் வரும்படி நீர் நிரப்புக. அதைத் தோள் மட்டத்தில் நீட்டி எட்டு நொடி பிடித்து, இறக்கி, அரை நிமிடம் ஓய்வு கொள்க. இவ்வாறு முப்பது முறை. இரண்டு மூன்று நாள் கழித்து 1,100 கிராமில் செய்து பார்க்க. எத்தனையாவது முறையில் தோள் காதை நோக்கி ஏறுகிறது, முழங்கை மடங்குகிறது என்று குறித்து வைக்க. இரண்டு எடைக்கும் வேறுபாடு சிறிதானால், உங்கள் தேவை புதிய பிஸ்டல் அன்று, முறையான உடற்பயிற்சி. தோளில் குத்தும் வலி தோன்றினால் அக்கணமே நிறுத்தி எலும்பு மருத்துவரைக் காண்க. வலியைப் பொறுத்துச் செய்யும் பயிற்சி இவ்வயதில் கேடு தரும்.

சுடுதளத்தில் பார்க்க வேண்டியவை

1. முதல் பத்துக் குண்டுகளைக் கொண்டு முடிவு செய்யாதீர். புதிய பிஸ்டல் எதுவும் தொடக்கத்தில் இனிக்கும். நாற்பது குண்டுகள் சுட்டு, முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் ஒப்பிடுக. கடைசிப் பத்து கீழே இறங்கினால் தோள் தளர்ந்துவிட்டது எனலாம். பக்கவாட்டில் சிதறினால் விசையை இழுக்கும் முறையை ஐயுறுக.

2. மரப்பிடி உள்ளங்கையில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பொருந்தாத பிடியை இறுக்கிப் பிடிப்பதாலேயே கை பாதி சோர்ந்துவிடும். பல வேளைகளில் பிடியை மாற்றினாலே போதும். பிஸ்டலை மாற்ற வேண்டியதில்லை.

3. எடைக்கட்டிகளைச் சேர்க்கவும் கழற்றவும் இடமுள்ள வகையைத் தேர்க. இலேசான பிஸ்டலுக்குக் கனம் கூட்டலாம். கனமான பிஸ்டலைச் செதுக்க இயலாது.

4. முன்குறி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க. நாற்பதுக்கு மேல் கண்ணின் கிட்டப்பார்வை தளரும். முன்குறியின் தொலைவைக் கண் மருத்துவரிடம் சொல்லி அதற்கேற்ற கண்ணாடி பெறுவது, புதிய பிஸ்டலைவிட மிக மலிவு.

செலவும் சட்டமும்

இறக்குமதியாகும் போட்டி பிஸ்டலின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று விரையாதீர். பைக்கால் 46எம் சுமார் 1.3 கிலோ, ஃபைன்வெர்க்பாவ் 65 சுமார் 1.2 கிலோ. இவற்றில் ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலைக் கையால் இயக்க வேண்டும். அதுவும் தோளுக்குச் சுமையே. அழுத்தக் காற்று உருளை உள்ள பிஸ்டலில் அத்தொல்லை இல்லை. ஆனால் முன்னணி நிறுவனங்கள் உருளையின் ஆயுளைப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் என வரையறுத்துள்ளன. பழைய பிஸ்டலை வாங்குமுன் உருளையில் பொறித்த தேதியைப் படிக்க. காலம் கடந்த உருளைக்குப் புதியது வாங்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கும் 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டி ஏர் பிஸ்டல் இவ்வரம்புக்குள் அடங்கும். வெடிமருந்தால் இயங்கும் பாயிண்ட் 22 பிஸ்டலுக்கோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் கட்டாயம். எதுவாயினும் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வைப்பது நம் கடமை. வாங்கியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துக.

முடிவாக ஒரு வரிசை: முதலில் உடற்பயிற்சி; அடுத்துக் கண்ணாடி; பிறகு பிடி; அதன் பின் சமநிலை; கடைசியாகவே எடை. முதல் நான்கையும் சரிசெய்த பிறகும் கடைசிப் பத்துக் குண்டுகள் இறங்குமானால், இலேசான பிஸ்டலுக்கு மாறத் தயங்க வேண்டாம். அதையும் வைப்புத்தொகையை முறித்து வாங்காமல், ஓராண்டு தொடர் வைப்பில் சேர்த்து வாங்குக. அந்த ஓராண்டில் சங்கத்தின் பிஸ்டல்களை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கலாம். உங்கள் தோளுக்கு எது ஏற்றது என்பதும் அதற்குள் தெளிவாகிவிடும்.