வெறும் வயிறும் காலைப் படகும்

கேள்வி: எனக்குக் கனடாக் குடியுரிமை. அம்மாவோடு நெடுந்தீவில் ஆறு மாதம் நிற்கிறேன். சீனி, பிரஷர் சோதனைகளை எங்கே செய்யலாம்?

பதில்: பிரஷரை நெடுந்தீவு வைத்தியசாலையிலேயே பாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டென்றால் கட்டணம் கேட்கக்கூடும். அதற்காகப் போகாமல் விடாதீர்கள்.

சீனிதான் சிக்கல். வெறுவயிற்றுச் சோதனைக்கு எட்டு மணிநேரமாவது சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கலாம். அதற்கு யாழ்ப்பாணம் போவதென்றால் குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணிநேரம், பிறகு பஸ். கடல் கொந்தளிக்கும் நாளில் அந்த வயிறு படும் பாட்டைத் தீவாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல்நாளே யாழ்ப்பாணம் போய்த் தங்குங்கள். அல்லது எச்பிஏ1சி என்ற சோதனையைக் கேளுங்கள்: சாப்பிட்டபின்னும் இரத்தம் கொடுக்கலாம், ஏறக்குறைய மூன்று மாதச் சீனிச் சராசரி தெரியும். இரத்தச்சோகை இருந்தால் அது பிழையாகக் காட்டலாம். டொக்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

கனடா அறிக்கையில் சீனியின் அலகு மில்லிமோல், இங்கே மில்லிகிராம். 18ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். அங்கே 5.5 ஆக இருந்தது இங்கே 99 என்று வந்தால் பதறவேண்டாம்.