எச்சிவேரியாவைப் பெருக்கும் முறை

தாமரை விரிந்தாற்போல இலைகளை அடுக்கி நிற்கும் எச்சிவேரியாவின் தாயகம் மெக்ஸிகோ. அந்நாட்டுத் தாவர ஓவியர் அத்தனாசியோ எச்செவெரியாவின் நினைவாக, 1828-ல் தெ கண்டோல் இப்பெயரைச் சூட்டினார். ‘நூரன்பர்க் முத்து’ என்னும் ஊதா வண்ண வகை ஜெர்மனியில் உண்டாக்கிய கலப்பினமாகும்.

விற்பனைக்கென வளர்க்கும் அங்கத்தினர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கலப்பினத்தின் விதை தாயை ஒத்த செடியைத் தருவதில்லை. விதைக்கன்றைத் தாயின் பெயரால் விற்பின், வாங்கியவர் மறுமுறை நம்மை நாடார். ஆகவே இலையைக் கொண்டே பெருக்குக. முதிர்ந்த இலையைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, அடி முறியாமல் எடுத்தல் வேண்டும். அடி முறிந்தது பெரும்பாலும் துளிர்க்காது. நிழலில் சில நாள் வைத்து, காயம் உலர்ந்தபின் மணற்பாங்கான மண்மீது கிடத்துக. புதைக்கலாகாது. வேர் காணுமுன் நீரை மிகுதியாக ஊற்றுவோர் அழுகலையே அறுவடை செய்வர்!

இலை சுருண்ட பெருங்கலப்பினங்கள் சில இம்முறைக்கு இணங்குவதில்லை. அவற்றின் தலையைத் தண்டோடு வெட்டி, காயவைத்து நடுக. எஞ்சிய தண்டில் பக்கக் கன்றுகள் எழும். பூந்தண்டின் சிற்றிலைகளும் சில வேளை கன்று ஈனும்.

வளர்ந்த செடிக்கு, தொட்டி மண் முற்றும் உலர்ந்த பின்னரே நீர் விடுக. இலைமேற் படிந்த வெண்பொடியைத் துடைத்தல் கூடாது; வெயிலைத் தடுக்கும் போர்வை அது. அடைமழையில் தொட்டிகளைக் கூரையின்கீழ் மாற்றுக.