தாடை அறுவைக்குப் பின் தேயும் மூட்டு

கேள்வி: கீழ்த்தாடையை முன்னே நகர்த்தும் அறுவைக்கு ஓராண்டு கழித்து முன்பற்கள் மீண்டும் விலகுவது ஏன்? – வாசகி, விளாங்குடி, மதுரை.

பதில்: 1957இல் ஹ்யூகோ ஓப்வெகேசர் உலகறியச் செய்த முறைப்படி கீழ்த்தாடை எலும்பு இருபுறமும் நெடுக்காகப் பிளக்கப்பட்டு முன்னே நகர்த்தப்படும்போது, காதுக்கு முன்னுள்ள குழியில் அமர்ந்து அசையும் எலும்பு முனையாகிய மூட்டுக்குமிழின் மீது புதிய சுமை விழுகிறது. பெரும்பாலோரிடம் குமிழ் தன் வடிவைச் சற்றே மாற்றி அச்சுமைக்கு இணங்கிவிட, சிலரிடம், குறிப்பாகப் பின்வாங்கிய சிறு தாடையுள்ள இளம்பெண்களிடம், அது கரைந்து உயரம் குறைவதால், தாடை பின்னடைந்து முன்பற்களிடையே இடைவெளி தோன்றுகிறது. வலியே இல்லாமலும் இது நிகழக்கூடும் என்பதுதான் மிகுந்த கவலைக்குரியது. ஆகவே, கடிப்பு மாறியதை உணர்ந்ததும் அறுவை மருத்துவரை அணுகி, பழைய படங்களோடு புதிய சி.டி. ஸ்கேனை ஒப்பிட்டு, தேய்மானம் நின்றதை உறுதிசெய்த பின்னரே மறுசிகிச்சையை முடிவுசெய்வது முறை.