கடைசிப் பாடம்: பிள்ளைகளோடு பெற்றோரும் படிக்க வேண்டிய கதை

 

தமிழக அரசின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் 'தி லாஸ்ட் லெசன்' என்றொரு கதை உள்ளது. 'கடைசிப் பாடம்' என்று பொருள். மாலை வகுப்பில் இதை நடத்தியபோது, பிள்ளைகள் கைடில் உள்ள விடையைச் சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். "கதையில் உனக்கு எது மனதில் நின்றது?" என்று கேட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. மொழியையும் அடையாளத்தையும் பற்றிய கதைகளை எப்படிப் படிப்பது என்று இம்மாதம் பார்ப்போம்.

கதை இதுதான்

எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே. 1870-71 போரில் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் தோற்று, அல்சாஸ் பகுதி ஜெர்மனியின் கைக்குப் போனது. அங்கே ஒரு சிற்றூர்ப் பள்ளி. பாடம் படிக்காமல், பயந்தபடி தாமதமாக வருகிறான் சிறுவன் ஃபிரான்ட்ஸ். ஆசிரியர் ஹாமெல் விசேஷ நாள் உடையில் நிற்கிறார். கடைசி பெஞ்சுகளில் ஊர்ப் பெரியவர்கள். இனிப் பள்ளியில் ஜெர்மன் மட்டுமே என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. இன்றுதான் பிரெஞ்சில் கடைசி வகுப்பு.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: எது பறிபோனது? ஒரு பாட வேளை மட்டுமல்ல. நேற்றுவரை சுமையாகத் தெரிந்த புத்தகங்கள், பிரியும்போது பழைய நண்பர்களாகத் தெரிகின்றன. இந்த மனமாற்றம் எந்த வரியில் தொடங்குகிறது என்று கண்டுபிடித்துக் கோடிடுங்கள்.

இரண்டாம் கேள்வி: யார் பொறுப்பு? உத்தரவு போட்டவர்கள் என்று கைடு சொல்லும். ஹாமெல் அதோடு நிறுத்தவில்லை. சில காசுகளுக்காகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய பெற்றோரையும் சொல்கிறார். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றவைத்தும், மீன் பிடிக்கப் போக விடுமுறை விட்டும் காலம் கழித்த தன்னையும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த இடம் வந்ததும் வகுப்பு அமைதியானது. ஏலக்காய் எடுக்கும் காலத்தில் விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு கடந்து போகும் குடும்பங்கள் நம்மில் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளை வீட்டில் நின்றுவிடுகிறது. வீட்டு நெருக்கடி எங்களுக்கும் தெரியும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மூன்றாம் கேள்வி: யார் குரல் கேட்கவில்லை? அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் அக்காலத்தில் வீட்டில் பேசியது ஜெர்மன் வகைப் பேச்சுமொழி. தோல்வியின் வலியோடு எழுதிய தோதே இதைச் சொல்லவில்லை. ஆக, அரசாங்கத்தின் மொழி, பள்ளியின் மொழி, வீட்டின் மொழி மூன்றும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. தேர்வில் முதலில் பாடத்தில் உள்ள விடையை எழுதுங்கள். பிறகு இப்படி ஒரு சொந்தக் கருத்தைச் சேருங்கள்.

நம் வீட்டு மொழி

"முஸ்லிம்னா வீட்டுல உருதுதானே பேசுவீங்க?" என்று நம் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு. சில வீடுகளில் உருதுதான். பல வீடுகளில் தமிழ்தான். இரண்டுக்கும் கூச்சப்பட வேண்டாம். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று வணக்க வழிபாட்டுக்கே தமிழ்ச் சொல் வைத்தவர்கள் நம் முன்னோர். 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழும் நம்மிடம் வளர்ந்தது. மொழிகள் பலவாக இருப்பது இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்று என்கிறது திருக்குர்ஆன் (30:22). தமிழோ உருதோ வீட்டில் பேசி, மதரஸாவில் அரபு ஓதி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை எதையும் இழக்கவில்லை. ஒன்றுக்கு மேல் பெற்றிருக்கிறது.

வீட்டுப் பயிற்சி

நன்னியிடமோ நன்னாவிடமோ உட்கார்ந்து, உங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் ஐந்து சொற்களைக் கேளுங்கள். 'அத்தா', 'ஆணம்' போன்றவை. அவற்றை மாற்றாமல் அப்படியே வைத்து, பொருள் விளங்கும்படி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி வாருங்கள். பெற்றோர்களே, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். கதையில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்த பெரியவர்கள், முன்பே பள்ளிப் பக்கம் வராமல் போனோமே என்றுதான் வருந்தினார்கள். நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.