வைரஸ் அடங்கினால் ஈரல் ஆறிவிடுமா?

'ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இனி மாத்திரை எதற்கு, ஸ்கேன் எதற்கு?' ஹெபடைட்டிஸ் பி-யால் ஈரல் சுருங்கியவருக்கு இதைவிட ஆபத்தான நம்பிக்கை கிடையாது. அந்தப் பரிசோதனை ரத்தத்தில் மிதக்கும் வைரஸை மட்டுமே அளக்கிறது. டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். ஈரல் செல்லின் கருவுக்குள் பதுங்கிய மரபணு வளையத்தை அவற்றால் அழிக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திரும்பவும் கிளம்பும். சுருங்கிய ஈரல் அந்தத் தாக்குதலைத் தாங்காமல் செயலிழக்கலாம். ஈரலில் ஏற்கெனவே விழுந்த தழும்போ தனிக்கதை. ரத்த ஓட்டத்தை அது நெருக்குவதால்தான் உணவுக்குழாயில் நாளங்கள் புடைக்கின்றன, வயிற்றில் நீர் கோக்கிறது. செல்லின் மரபணுவிலேயே வைரஸ் ஒட்டிக்கொண்ட இடங்களிலிருந்து புற்றுநோயும் முளைக்கலாம்.

அப்படியென்றால் மாத்திரையால் என்ன பயன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஈரலில் தழும்பு முற்றிய, பெரும்பாலும் ஆசியர்களான 651 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் லாமிவுடின் மாத்திரை எடுத்தவர்களில் 7.8 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17.7 சதவீதம் பேருக்கு. ஈரல் புற்றுநோய் வந்தவர்கள் முறையே 3.9, 7.4 சதவீதம். ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது பெரிய லாபம். ஆனால் அந்த 3.9 சதவீதம் பேர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 2013-இல் வந்த டெனோஃபோவிர் ஆய்வு இன்னும் நம்பிக்கை தந்தது: தொடக்கத்தில் ஈரல் சுருக்கம் இருந்த 96 பேரில் 71 பேருக்கு ஐந்தாண்டு சிகிச்சைக்குப் பின் திசுப் பரிசோதனையில் அது தென்படவில்லை. தழும்பு கரையும் என்பது உண்மைதான். எல்லோருக்கும் கரைவதில்லை, கரைந்தவருக்கும் புற்றுநோய் அபாயம் முழுதாக நீங்குவதில்லை.

நம் ஊரில் வலுவாக வேரூன்றிய இன்னொரு நம்பிக்கை கீழாநெல்லி. அதை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்த நோபல் விஞ்ஞானி ப்ளூம்பெர்குடன் சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்த ஆய்வு என்பதால் அதன்மீது நமக்குப் பாசம் இருக்கலாம். பாசத்தை நம்பி, சுருங்கிய ஈரலோடு மாத்திரையை விட்டுவிட்டுச் சாறு குடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரைக்கு வர ஒரு நாள் கூலி போகும்; உடம்பில் ஒன்றும் இல்லாதபோது ஸ்கேன் ஏன் என்ற கேள்வியில் வறுமையின் நியாயம் இருக்கிறது. ஆனால் ஈரலில் தோன்றும் சின்னக் கட்டி வலிக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்கேனில் சிக்கினால் வெட்டியோ சுட்டோ அகற்ற வாய்ப்புண்டு. வலியும் எடைக்குறைவும் வந்து கண்டுபிடித்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். புடைத்த நாளங்கள் இருக்கின்றனவா என்பதை எண்டோஸ்கோபி காட்டும். மருந்துச் செலவைப் பொறுத்தவரை, 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகள் வழியே மாத்திரை இலவசம். மதுவை அடியோடு விட வேண்டும். வயிற்றில் நீர் கோத்தவர் ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைத் தவிர்க்க வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லாவிட்டாலும், ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, பேச்சு குழறிப் பகலெல்லாம் தூங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.