மொதல்ல காலைப் பாரு, பொறவு கயித்தைப் பாரு



கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள், "அண்ணே, மொதல்ல என்ன கத்துக்கணும்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. என் பதில் ஒன்றுதான்: கயிறு. "கயித்துல என்னண்ணே இருக்கு?" என்று சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான்.

கப்பலில் சேர்ந்து மூன்றாவது மாதம். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டிக்கொண்டிருந்தோம். கயிற்றை வேகமாக வெளியே விடுவதில்தான் என் கவனம் முழுவதும். டெக்கில் சுருண்டு கிடந்த கயிற்று வளையத்துக்குள் என் வலது கால் இருந்ததை நான் கவனிக்கவில்லை. எங்கள் போசன், அதாவது டெக் ஆட்களின் தலைவர், தூத்துக்குடிக்காரர். "ஏலேய், காலை எடு!" என்று கத்திக்கொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மறு நொடி அந்த வளையம் சரக்கென்று இறுகி வெளியே ஓடியது. என் கால் உள்ளே இருந்திருந்தால் அதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

அன்று இரவு தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னார்: "தம்பி, முடிச்சு தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுத்திரலாம். எங்க நிக்கணும்னு தெரியாதவனை எப்படிக் காப்பாத்துறது? மொதல்ல காலைப் பாரு, பொறவு கயித்தைப் பாரு."

அதே வரிசையில் நாமும் படிப்போம்.

1. நிற்கும் இடம்

கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள், அதன் நேர்க்கோட்டிலும் நிற்காதீர்கள். நைலான் கயிறு ரப்பர் போல நீளும். அறுந்தால், நீண்ட வேகமெல்லாம் சேர்ந்து சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். ஆளைக் கொன்றுவிடும் அடி அது. கயிறு வேறு பொருளில் பட்டு வளைந்து போயிருந்தால், எந்தப் பக்கம் அடிக்கும் என்று கணக்குப் போடவே முடியாது. ஆகவே கட்டும் இடம் முழுவதையும் ஆபத்தான இடமாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். மோதிரம், காப்பு போட்டிருந்தால் கழற்றி வையுங்கள். ஸ்டைல் எல்லாம் கரைக்கு வந்த பிறகு!

2. கயிற்றின் குணம்

நைலான் நன்றாக நீளும், தண்ணீரில் மூழ்கும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, உரசலைத் தாங்கும். பாலிப்ரொப்பிலீன் லேசானது, மிதக்கும். ஆனால் வெயில் அதைக் கெடுத்துவிடும்.

வலப்பக்கம் முறுக்கிய மூன்று புரிக் கயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் சுருட்டுங்கள். மாற்றிச் சுருட்டினால் சிக்கிக்கொள்ளும்.

3. முடிச்சு

சாரணர் வகுப்பில் படித்த 'திண்டே காசே' ஞாபகம் இருக்கிறதா? கப்பலில் அதற்குப் போலைன் என்று பெயர். கயிற்றில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். நுனிப் பக்கம் மேலேயும் நீளக் கயிறு கீழேயும் இருக்கட்டும். நுனியை வளையத்தின் அடியிலிருந்து மேலே எடுத்து, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, மறுபடியும் அதே வளையத்துக்குள் இறக்கி இறுக்குங்கள். நுனியில் ஒரு சாண் மிச்சம் இருக்கட்டும். இந்தக் கண்ணி பாரத்தில் சுருங்காது. பாரம் போனதும் சுலபமாக அவிழும்.

'புக்கு சீலா' பொட்டலம் கட்டத்தான். பாரம் இழுக்கும் இரண்டு கயிறுகளை அதால் இணைக்காதீர்கள், நழுவிவிடும். எந்த முடிச்சும் கயிற்றின் பலத்தைக் குறைக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

4. அடுத்தவர் கயிறு

கரையில் இருக்கும் கட்டுத்தூணில் வேறொரு கப்பலின் கண்ணி ஏற்கனவே கிடந்தால், அதன் மேல் உங்கள் கண்ணியை அப்படியே போட்டுவிடாதீர்கள். முதலில் அவர்களின் கண்ணிக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, பிறகு தூணில் மாட்டுங்கள். இப்படிச் செய்தால் யார் முதலில் புறப்பட்டாலும் மற்றவரின் கயிற்றைத் தொடாமல் தன்னுடையதை எடுத்துக்கொள்ளலாம்.

5. தினசரிப் பார்வை

புரி அறுந்திருக்கிறதா, உரசித் தேய்ந்திருக்கிறதா, உருகிக் கட்டியாகி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். 2024 ஜனவரி 1 முதல், கப்பலைக் கட்டும் கயிறுகளைச் சோதித்துப் பராமரிப்பது சோலாஸ் என்னும் அனைத்துலகக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி கட்டாயம். ஆகவே புதுப் பையன் சொன்னாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பயிற்சி: இரண்டு மீட்டர் கயிறு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டே திண்டே காசே போடும்வரை பழகுங்கள். இருட்டிலும் மழையிலும் கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கயிற்றைத் தொடும் ஒவ்வொரு முறையும், முதலில் குனிந்து உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.