தண்ணீர் இல்லாவிட்டால் மண்: ஏழாம் வகுப்பில் ஒளு பற்றி ஒரு பாடவேளை

அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாள். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சோப்பும் குவளையுமாக நின்று செய்து காட்டுவது எங்கள் பள்ளியில் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், அதற்கு முந்தைய வாரம் ஏழாம் வகுப்பில் இது குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாச் சமயங்களும் சுத்தத்தை வலியுறுத்துகின்றன என்று சொல்லி, இஸ்லாமியர் தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவை எடுத்துக்காட்டாகக் கூறினேன். கிருமிகள் போகத்தான் அந்தக் காலத்திலேயே இப்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று ஓர் அறிவியல் விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். நம்மில் பலரும் சொல்வதுதான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், தண்ணி இல்லைன்னா மண்ணுல செய்யலாம்னு மதரஸாவுல சொல்லிக் கொடுத்தாங்க. அப்ப கிருமி எப்படிப் போகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கேள்வி கேட்டவன் யார் என்பதும் என்னை உறுத்தியது. முந்தைய வெள்ளிக்கிழமை ஓவிய வகுப்பு முடிந்து ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும் முன் குழாயடியில் வெகுநேரம் நின்றதற்காக, "தண்ணியில என்ன விளையாட்டு?" என்று நான் அதட்டிய பையன் அவன். அன்று அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் உடன் பணிபுரியும் இஸ்லாமிய ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். சட்டநூல் ஒன்றையும் வாங்கிப் படித்தேன். இரண்டு செய்திகளை நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் விளங்கியது.

உடலிலோ உடையிலோ இரத்தம், சிறுநீர் போன்றவை பட்டிருந்தால் அது அசுத்தம். அதைக் கழுவி நீக்க வேண்டும். ஒளு அதற்கானது அல்ல. மலசலம் கழித்தால், காற்றுப் பிரிந்தால், ஆழ்ந்து உறங்கினால் ஒருவருக்கு ஏற்படும் நிலைக்குத் தமிழ் முஸ்லிம் நூல்கள் 'சிறு தொடக்கு' என்று பெயரிடுகின்றன. குளித்தால்தான் நீங்குவது 'பெருந்தொடக்கு'. சிறு தொடக்கை நீக்குவது ஒளு. இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவராக இருந்தாலும், கண்ணயர்ந்து எழுந்தால் தொழுகைக்கு ஒளு வேண்டும். ஒளு முறியாதவரை அடுத்த வேளைத் தொழுகையை அதே ஒளுவுடன் தொழலாம்; இடையில் கையில் புழுதி பட்டது என்பதற்காக அது முறிந்துவிடாது.

குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் ஆறாம் வசனத்தில் அடிப்படை இருக்கிறது: முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கழுவுதல், தலையை ஈரக்கையால் தடவுதல், கணுக்கால் வரை கால்களைக் கழுவுதல். தண்ணீர் கிடைக்காதபோதும், நோயால் தண்ணீரைப் பயன்படுத்த முடியாதபோதும் தூய மண்ணில் கைகளைப் பதித்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளலாம் என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது. இதற்குத் தயம்மும் என்று பெயர். கையில் ஒட்டிய அதிகப்படி மண்ணை ஊதிவிட்டுத்தான் தடவுவார்கள். அழுக்கைப் போக்குவதுதான் நோக்கமென்றால் இதற்குப் பொருளே இல்லை. இறைவன் முன் நிற்கத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்வது, அதற்கான எண்ணத்தை மனத்தில் கொள்வது என்று பார்த்தால் பொருள் இருக்கிறது. ஒளுவால் உடலும் சுத்தமாகிறது என்பது உண்மையே. ஆனால் அதைக் காரணமாகச் சொன்னால் பாதியை விட்டுவிடுகிறோம்.

படித்துக்கொண்டே வந்தபோது இன்னொரு விதி கண்ணில் பட்டது. கழுவ வேண்டிய இடத்தில் தண்ணீர் தோலைத் தொடாதபடி எதுவும் படிந்திருக்கக் கூடாது. உலர்ந்த பெயின்ட், மெழுகு, பசை எல்லாம் இதில் அடங்கும். அன்றைய ஓவிய வகுப்பில் பானை மேல் வண்ணத்தாள் ஒட்டினோம். அவன் குழாயடியில் நின்று விரலிடுக்கில் காய்ந்திருந்த ஃபெவிகாலைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறான்!

மறுநாள் அவனைத் தனியே அழைத்து, நான் திட்டியது தவறு என்றேன். சிரித்துவிட்டு ஓடிவிட்டான். வகுப்பில் அவனை ஒளு செய்து காட்டச் சொல்லவில்லை. ஒரு குழந்தையை அவனுடைய சமயத்துக்கு மாதிரியாக முன்னே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. ஒரு சமயத்தார் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது போதனை ஆகாது. செய்யச் சொல்வதுதான் போதனை. அந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, நேற்று நான் சொன்னது அரைகுறை என்று தொடங்கி, படித்ததைச் சொன்னேன்.

"தொடக்குன்னா தீட்டா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பிறப்பு இறப்புத் தீட்டை யாழ்ப்பாணத்தில் துடக்கு என்பார்கள். சொல் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் நம் ஊரில் தீட்டு என்ற சொல்லின் பின்னால் வேறொரு வலியும் இருக்கிறது. அதை மறைக்காமல் பேசினேன். ஒளு இல்லாதவரைத் தொடுவதால் அவருடைய தொடக்கு மற்றவருக்கு ஒட்டாது. யாருக்கும் பிறப்பால் அது வருவதில்லை. எல்லோருக்கும் ஒரு நாளில் பல முறை வந்து போவது. அவள் தலையசைத்து உட்கார்ந்தாள். அந்தப் பாடவேளையில் பயனுள்ள ஐந்து நிமிடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

தண்ணீர்ப் பேச்சைக் கணக்கு வகுப்புக்குக் கொண்டுபோனோம். நபிகள் ஒரு 'முத்து' தண்ணீரில் ஒளு செய்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. முத்து என்பது அரபு அளவை, கடல் முத்து அல்ல. இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு, முக்கால் லிட்டரைத் தாண்டாது. நாங்கள் அளந்தது மதிய உணவுக்கு முன் கை கழுவுவதை. குழாயைத் திறந்துவிட்டபடியே சோப்புப் போட்ட ஒருவனுக்குக் கீழே வைத்த வாளியில் நான்கு லிட்டர் சேர்ந்திருந்தது. குவளையில் மொண்டு கழுவியவளுக்கு ஒரு லிட்டர்கூட ஆகவில்லை. பள்ளிவாசல் ஹவுளையும் கணக்காக்கலாம். ஹனஃபி சட்டநூல்களில் பெரிய நீர்நிலைக்கான அளவு பத்து முழத்துக்குப் பத்து முழம். முழம் 45 செ.மீ. என்று கொண்டால் பரப்பு 20.25 சதுர மீட்டர். ஷாஃபி நூல்களில் பரப்பு அல்ல, கொள்ளளவுதான் கணக்கு: ஏறத்தாழ 200 லிட்டர்.

இதை எடுத்து நடத்த நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபி முறை; உள்மாவட்டங்களில் பெரும்பாலும் ஹனஃபி. தலையில் சிறிதளவு தடவினால் போதும் என்பது ஒன்று, கால் பங்காவது தடவ வேண்டும் என்பது மற்றொன்று. எங்கள் வகுப்பிலேயே இரண்டு பிள்ளைகள் இதில் மாறுபட்டுப் பேசிக்கொண்டார்கள். எது சரி என்று என்னைப் பார்த்தார்கள். உங்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்தது உங்களுக்கு என்று விட்டுவிட்டேன். தீர்ப்புச் சொல்வது ஆசிரியர் வேலை அல்ல.

தலைமையாசிரியரிடம் பேசி, வெள்ளிக்கிழமை ஓவியப் பாடவேளையைப் பிற்பகல் கடைசிக்கு மாற்றிக்கொண்டோம். இப்போது யாரும் குழாயடியில் பசை சுரண்டுவதில்லை.